கலங்கல்மேடும் ஹேகர்ஸ் லேண்டிங்கும்

அமெரிக்காவில் ஒரு கடலோர மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னைப் போலீஸ் விசாரித்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் வார்ப்பு உலோகத்தில் ஒரு பலகை, பலகை முழுக்கப் பொடி எழுத்தில் வரலாறு. காரைப் புல்வெளியில் இறக்கி நிறுத்திவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நீல விளக்கு சுழன்றது. "வண்டி நின்னுபோச்சா, மேம்?" என்று கேட்டபடி ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். இல்லை, படிக்கிறேன் என்றேன். "எதை?" என்றார். பலகையைக் காட்டினேன். அதை அவர் அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் பொறந்ததுலேர்ந்து இது இங்க நிக்குது. என்னதான் எழுதியிருக்கு?" ஒரு நெல் பண்ணை முதலாளியைப் பற்றி, அவர் வீட்டில் தங்கிப்போன ஒரு தளபதியைப் பற்றி என்று சொன்னேன். "அப்படியா" என்று தொப்பியைத் தொட்டுவிட்டு, ரோட்டை ஒட்டி நிற்க வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

ஆரணிப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தப் பலகைகளைப் புரியவைப்பது கொஞ்சம் கடினம். அமெரிக்காவின் தெற்குக் கடற்கரையில், ஆள் நடமாட்டம் குறைந்த கிராமப்புறச் சாலையில்கூட, சில மைல்களுக்கு ஒரு பலகை நிற்கும். இங்கே கோட்டை இருந்தது, இங்கே படகுத்துறை இருந்தது, இந்த மரத்தடியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்மிடமும் கோட்டை உண்டு. ஆரணிக் கோட்டை மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் நட்டுவைத்த நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. பூசிமலைக்குப்பத்துக் காட்டில் ஜாகீர்தார் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது. ஆனால் வழி கேட்டால் நாம் அவற்றைச் சொல்வதில்லை. தண்ணீர் டேங்க், தியேட்டர், மூடிப்போன ரைஸ் மில், டாஸ்மாக். நம் ஊரில் 'லேண்ட்மார்க்' என்பது வழி சொல்ல. இவர்கள் ஊரில் அது யார் முக்கியம் என்று சொல்ல. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வருடத்தைப் பற்றியது.

என் வேலை வரைபடம். வேலூரில் சிவில் இன்ஜினியரிங், சென்னையில் கணினி வரைபடத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாக இரண்டாயிரங்களின் நடுவில் இங்கே வந்தேன். அவசர உதவிக்கு 911 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் சரியான வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு எல்லாச் சாலைக்கும் பெயர் வேண்டும், எல்லா வீட்டுக்கும் எண் வேண்டும், அவற்றைச் சுற்றி அடையாளங்கள் வேண்டும். நகரங்களில் இதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. கிராமப்புறத்தில் பெயரே பதிவாகாத மண்சாலைகள் ஏராளம். அவற்றை வரைபடத்தில் ஏற்றுவதும், லேண்ட்மார்க் என்று தனியாக ஒரு அடுக்கில் கலங்கரை விளக்கம், தேவாலயம், கல்லறை, வரலாற்றுப் பலகை என்று வகை பிரித்துப் புள்ளி வைப்பதும் என் பொறுப்பு. வகை பிரிப்பது எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் வீட்டுப் பரணில் இருக்கும் பாத்திரங்களைக்கூட வகை பிரித்து எழுதி வைத்தவள் நான்.

பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதன் மொழி. 'கரைகள் எழுப்பப்பட்டன. சதுப்பு நிலம் திருத்தப்பட்டது. நெல் பயிரிடப்பட்டது. இப்பகுதி செழித்தது.' எல்லாம் தானாக நடந்ததுபோல். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களில் அந்தப் பழைய வயல்கள் இன்னும் தெரிகின்றன. நீர் புகுந்து நாணல் மூடிவிட்டாலும் வரப்பு வரப்பாக, மதகு மதகாகக் கோடுகள். வெள்ளைக்கார சக ஊழியர்கள் அதைப் பார்த்து 'அழகான கட்டங்கள்' என்றார்கள். நான் பார்த்த உடனே என் இடுப்புதான் வலித்தது. ஆரணி என்றால் பட்டு, அடுத்தது அரிசி. அந்த அரிசியில் எங்கள் குடும்பத்தின் பங்கு அடுத்தவர் வயலில் நடவும் களையும் அறுப்பும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நானும் குனிந்திருக்கிறேன். வரப்பு தானாக எழும்பாது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுப்பியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். பலகையில் அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் அலுவலகத் தலைவர் ராண்டல். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய, குரல் உயர்த்தாத, தினமும் எல்லோருக்கும் காபி போட்டு வைக்கிற மனிதர். சேர்ந்த புதிதில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டினார். சிப்பியும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய ஒரு பழைய சுவர் அருகே இறங்கி, அங்கிருந்த பலகையின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்க காலனி ஆளுங்க, ஜீவா. பழைய காலனிக் குடும்பம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலனி என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காது பாடப்புத்தகம் படிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் காலனி என்றால் ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம், எங்களை வைத்த இடம். அந்தச் சொல்லை ஒருவர் நடுரோட்டில், வெயிலில், பலகையின் மேல் கை வைத்துப் பெருமையாகச் சொல்கிறார். அட, இது என்ன நாடு என்று ஒரு நொடி மனம் குதித்தது. "நாங்களும்தான்" என்றேன். ராண்டல் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாமா, உங்களையும் அவங்கதானே ஆண்டாங்க. ஒரே ராஜாவுக்கு வரி கட்டினவங்க நாம" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் சந்தோஷமாகக் காரில் ஏறினோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அவர் காலனி, நிலத்தை எடுத்துக்கொண்டவர்களின் பெயர். என் காலனி, நிலம் கிடைக்காதவர்களின் பெயர்.

எங்கள் இடத்துக்கு வேறு பெயர் உண்டு. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிகிற கலங்கல் எங்கள் தெருவை ஒட்டி இருந்ததால் கலங்கல்மேடு. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வெளியே இருப்பவர்களுக்கு வெறும் காலனி. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுப் போகும் டவுன் பஸ்ஸில் நான் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தேன். அது தொண்ணூறுகளின் கடைசி. ஊர் ஸ்டாப் தாண்டியதும் கண்டக்டர் விசிலை ஊதி, "காலனி எல்லாம் எறங்கு" என்பார். பஸ் முழுக்கத் திரும்பி, எழுந்திருக்கிறவர்கள் யார் என்று பார்க்கும். ஒருநாள் நான் சில்லறையை நீட்டி, "கலங்கல்மேடு ஒண்ணு" என்றேன்.

"அப்டி ஒரு ஸ்டாப்பே இல்லியே."

"இருக்குதுங்க. டெய்லி நான் எறங்கறேனே."

"அது காலனிம்மா."

"உங்க வாயில காலனி. ஸ்டாப்பு பேரு கலங்கல்மேடு."

"இன்னா பேஜாரா கீது. ஜல்தியா எறங்கற வழியப் பாரு."

நான் இறங்கவில்லை. பெயர் சொன்னால் இறங்குகிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். பஸ் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அங்கே இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வந்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். அப்பா மின்வாரியத்தில் ஒயர்மேன். பதற்றமில்லாத மனிதர். "கால் வலிச்சா சொல்லு, சைக்கிள் எடுத்துகினு எதிர்ல வரேன்" என்றார். விட்டுவிடு என்று சொல்லவில்லை. பிறகு ஒருநாள், கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் எழுந்திருக்காமல் என்னோடு உட்கார்ந்துவிட்டார்கள். "நாங்களும் பேரு சொன்னாதான் எறங்குவோம். சும்மா குந்திகினு போனா எங்களுக்கு இன்னா நஷ்டம்" என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்து மற்ற பயணிகள் சத்தம் போட்டார்கள். கடைசியில் டிரைவர்தான் திரும்பிக் கத்தினார்: "யோவ், பேரத்தான் சொல்லித் தொலையேன்யா. வண்டி லேட்டாவுது." கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கலங்கலு எறங்கு" என்றார். மேட்டை அவர் கடைசி வரை கொடுக்கவில்லை. நாங்கள் கலங்கலோடு இறங்கினோம்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகும் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் தள்ளி இருக்கும் நகரத்தில் தமிழர்கள் பொங்கல் கொண்டாடினார்கள். போயிருந்தேன். என் தட்டில் வடை வைத்த அம்மா, "எந்த ஊரும்மா?" என்றார். ஆரணி என்றேன். "அப்படியா, பட்டு நெசவுக் குடும்பமா?" இல்லை என்றேன். "அப்போ அரிசி மண்டியா?" இல்லை என்றேன். "ஆரணியில எந்தப் பக்கம்?" என்றார். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் கேள்விகள் அதே வரிசையில் வந்தன. அவருக்கு உதவ நினைத்தேன். "காலனிங்க" என்றேன். அடுத்த வடை அகப்பையிலேயே நின்றது. "ஓ, ஹவுசிங் போர்டு காலனியா?" என்றார் நம்பிக்கையோடு. "இல்லீங்க, அந்தக் காலனி" என்றேன். இதைப் படிக்கும் சக புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒன்று. சுற்றிச் சுற்றி வரவேண்டாம். நேராகக் கேளுங்கள், நேராகச் சொல்கிறேன். எனக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை. கேட்டுவிட்டு எங்கே பார்ப்பது என்ற சிரமம் உங்களுடையது.

அந்தப் பொங்கலுக்குச் சில வாரம் கழித்துத்தான் ராண்டல் ஒரு ஃபைலை என் மேசையில் வைத்தார். கடலை ஒட்டிய ஒரு மண்சாலை. பதிவில் பெயர் இல்லை. சாலையின் கடைசியில் ஒரு நிறுவனம் கோல்ஃப் மைதானமும் வீடுகளும் கட்டப்போகிறது. சாலைக்கு 'ஹெரான் கிளப் டிரைவ்' என்று பெயர் கேட்டிருக்கிறார்கள். "அங்க வேற எதுவும் இல்ல. லேண்ட்மார்க் அடுக்குல ஒரு புள்ளிகூட இல்ல. பேரை ஏத்திடு, அடுத்த கமிஷனர் கூட்டத்துல பாஸ் ஆயிடும்" என்றார். கமிஷனர்கள் என்றால் போலீஸ் இல்லை, மாவட்டத்தை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். விமானப் புகைப்படத்தைப் பார்த்தேன். அடர்ந்த ஓக் மரங்கள் மட்டும். ஆனால் நேரில் போய்ச் சரிபார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்பது விதி. போனேன்.

மரங்களுக்கு அடியில் ஒரு தெரு இருந்தது. கூரையில் தகரம் போட்ட வீடுகள், துணிக்கொடிகள், ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்து. கையில் ஜிபிஎஸ் கருவியோடு என்னைப் பார்த்ததும் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண் குழாயை மூடாமலே கேட்டாள்: "நீ எந்தக் கம்பெனி?" மாவட்ட அலுவலகம் என்றேன். அது இன்னும் மோசம் என்பதுபோல் பார்த்தாள். அவள் பெயர் எர்னஸ்டின். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். என் பெயரை ஜெனீவா என்று கேட்டுக்கொண்டாள். திருத்தினேன். "எங்க பெரியம்மா பேரு ஜெனீவா. அதுவே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். படத்தைக் காட்டி, இங்கே வீடுகள் இருப்பதே தெரியவில்லை என்றேன். வாங்கிப் பார்த்தாள். "ஏரோப்ளேன்லேர்ந்து பார்த்தா நாங்க மரம்" என்றாள்.

அந்த இடத்துக்குப் பெயர் ஹேகர்ஸ் லேண்டிங். அடிமை விடுதலைக்குப் பிறகு அந்த நிலத்தை வாங்கிய ஹேகர் என்ற பெண்ணின் பெயர். எர்னஸ்டின் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கழியால் தரையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுகிற ஒற்றை அறைப் பிரார்த்தனை வீடு. சங்கும் கோப்பையும் வைத்த கல்லறைகள். உப்பங்கழியில் பழைய படகுத்துறையின் மரத்தூண்கள். நெல்வயலின் மதகு. ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி எடுத்தேன். "இதையெல்லாம் எதுக்கு எடுக்கற?" என்றாள். ரோட்டுக்கு வேறு பெயர் வரப்போகிறது என்று சொன்னேன். அவள் நின்றாள். "ரோட்டுக்குப் பேர் மாறினா லெட்டர் மாறும். லெட்டர் மாறினா பத்திரம் மாறும். அப்புறம் நாங்க அவங்க கிளப்புக்குள்ள குடியிருக்கறவங்க ஆயிடுவோம். எனக்கு என் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தத் தெரியும், ஜெனீவா. என்னை அப்படிச் செய்ய வச்சிடாதே."

பிரார்த்தனை வீடு, கல்லறை, படகுத்துறை, மதகு. நான்கையும் பெயரோடு லேண்ட்மார்க் அடுக்கில் ஏற்றினேன். ராண்டல் என் மேசைக்கு வந்தார். காபி கொண்டுவரவில்லை.

"அங்க வரலாற்றுப் பலகை எதுவும் கிடையாதே, ஜீவா."

"கலங்கரை விளக்கத்துக்கும் பலகை கிடையாது. அது அடுக்குல இருக்கு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்."

"இதுவும் தெரிஞ்ச இடம்தான். அங்க இருக்கறவங்களுக்கு."

"உன் கான்ட்ராக்ட் இந்த வருஷம் புதுப்பிக்கணும். உன் விசா அதுலதான் இருக்கு. உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். மிரட்டும் குரலில் இல்லை. கண்டக்டரும் முதல் நாள் மிரட்டவில்லை. "புள்ளி தப்பா இருந்தா காட்டுங்க, எடுத்துடறேன்" என்றேன். அவர் காட்டவில்லை.

கமிஷனர் கூட்டத்துக்கு ஹேகர்ஸ் லேண்டிங் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை உடையில் வந்திருந்தது. நிறுவனத்தின் வக்கீல், அந்தப் பகுதியில் பதிவான அடையாளம் எதுவும் இல்லை என்று தொடங்கினார். கூட்டத்தின் தலைவர் ராண்டலைப் பார்க்க, ராண்டல் என்னைப் பார்த்தார். படத்தைத் திரையில் போட்டு நான்கையும் சொன்னேன்.

"இதெல்லாம் எப்பத்திலேர்ந்து இருக்கு?" என்றார் ஒரு கமிஷனர்.

"அங்க அவங்க கொள்ளுத்தாத்தா காலத்திலேர்ந்து. வரைபடத்துல போன மாசத்திலேர்ந்து."

சிரிப்பு எழுந்தது. வக்கீல் சிரிக்கவில்லை. கிளப்பின் பெயர் பகுதியின் மதிப்பை உயர்த்தும் என்றார். எர்னஸ்டின் எழுந்தாள். "இன்னும் கட்டாத கிளப்புக்கு ரோடு வேணுமாம். கட்டின வீட்டுக்கு வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நேரில் சரிபார்த்த தகவல்தானா என்று கூட்டத்தின் தலைவர் ராண்டலிடம் கேட்டார். ராண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிபார்த்திருக்கு. தப்பு எதுவும் இல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு நான் கடன்பட்டவள். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஹேகர்ஸ் லேண்டிங் ரோடு என்று முடிவானது. கிளப் தன் கேட்டுக்கு உள்ளே என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பச்சைப் பெயர்ப்பலகை நட்ட அன்று, புதிய முகவரிகள் சரியாக விழுகின்றனவா என்று சோதிக்க எர்னஸ்டின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து 911-ஐ அழைக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல் எண்ணையும் ஹேகர்ஸ் லேண்டிங் ரோடு என்ற பெயரையும் வாசித்தது. "இன்னொரு தடவை படி" என்றாள் எர்னஸ்டின். "மேம், ஏதாவது எமர்ஜென்சி இருக்கா?" "ஆமா. இன்னொரு தடவை படி." அந்தக் குரல் மறுபடி படித்தது.

என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. பலகைகளின் செயப்பாட்டு வினை எனக்கும் கிடைத்துவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்ஜெட் என்ற சொல் வந்திருக்கும். கம்பெனி என்னைக் கடலே இல்லாத வேறு மாநிலத்துக்கு, குடிநீர்க் குழாய்களை வரைபடத்தில் ஏற்றும் வேலைக்கு மாற்றியது. அந்தக் கடற்கரையை விட்டு வந்திருக்க வேண்டாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு. செய்திருக்க வேண்டாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அங்கே இருந்தபோதுதான் அக்கா வசந்தியின் போன் வந்தது. அவள் ஆரணியில் நர்ஸ். இன்னும் கலங்கல்மேட்டில்தான் இருக்கிறாள். "இன்னாடி, ஊரான் ரோட்டுக்கெல்லாம் பேர் வச்சிகினு இருக்கியே" என்று ஆரம்பித்தாள். "இங்க கோடி வீட்டு மாமாவுக்கு நேத்து நெஞ்சு வலி. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணா லேண்ட்மார்க் சொல்லுன்றான். கலங்கல்மேடுன்னேன். அப்டி ஒரு எடமே கம்ப்யூட்டர்ல இல்லன்றான். சரின்னு வாயக் கடிச்சிகினு காலனின்னேன். எந்தக் காலனிம்மா, ஊருக்கு ஒண்ணு கீதேன்றான். அப்பறம் ஆட்டோல போட்டுகினு போனோம்." மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பொழச்சிகினாரு. நீ பொழச்சிகினியா?" என்றாள். அக்காவின் கேலியில் எப்போதும் ஒரு ஊசி உண்டு.

அப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரின் சாலைகளையும் இடங்களையும் சேர்க்கக்கூடிய உலக வரைபடம் ஒன்று வந்திருந்தது. மதிய இடைவேளையில் திறந்தேன். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுச் சாலையைப் பிடித்துப் போனேன். ஏரி இருந்தது. ஊரின் பெயர் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் புளிய மரங்களின் பச்சை மட்டும். புள்ளி வைத்துக் கலங்கல்மேடு என்று எழுதினேன். இரண்டு நாளில் அது காணாமல் போனது. அதே இடத்தில் யாரோ 'காலனி' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் சேர்ந்து போனவர்களில் ஒருவராக இருக்கலாம். இன்றும் ஊரில் இருப்பவரா, என்னைப் போல் எங்கோ இருந்துகொண்டு ஊரைக் காவல் காப்பவரா, தெரியவில்லை. அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். திரும்பவும் மாறியது. திரும்பவும் எழுதினேன்.

இந்தமுறை திரை ஒரு கேள்வி கேட்டது. இந்த இடத்தின் பெயரில் கருத்து வேறுபாடு இருப்பதால், இதை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று குறிப்பிடவும். கீழே இரண்டு கட்டங்கள். 'நான் இங்கே வசிக்கிறேன்.' 'நான் இங்கே சென்றிருக்கிறேன்.' மூன்றாவது கட்டம் இல்லை. வெளியே பார்க்கிங்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கார் எது என்று அடையாளம் தெரியாத அளவுக்கு எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தது. முதல் கட்டத்தை அழுத்தினேன்.